கீழ்வீட்டுப் பாட்டு நின்ற வியாழக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை மதியப் பூசை முடிந்து, டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலிலிருந்து நானும் மனைவியும் நண்பர் ஒருவரின் காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். நண்பர் ரொக்ஸ்பரோவில் இருப்பவர். தமிழ்நாட்டுக்காரர், ஓய்வுபெற்ற பொறியியலாளர். எங்கள் பக்கத்துக் கடைகளில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்குவதற்காக மாதத்தில் ஒரு ஞாயிறு பார்க் எக்ஸ்டென்ஷன் வரை வருவார். அன்றைக்கு எங்களுக்கு பஸ் பிடிக்கிற வேலை இல்லை.

சித்திரை பிறந்திருந்தும் கார் தரிப்பிடங்களின் மூலைகளில் கறுத்த பனி இன்னும் குவிந்து கிடந்தது. காரில் ஏதோ பாட்டு ஓடியது. நான் கவனிக்கவில்லை. ஒரு பெண் குரல் ஒரு சொல்லைப் பிடித்துக் கீழே இறக்கிக்கொண்டே போய், அது தரையைத் தொடுவதற்குள் ஒரு சின்ன மூச்சோடு மேலே தூக்கியது. பின்னிருக்கையிலிருந்து மனைவி என் தோளைப் பிடித்தாள்.

"இஞ்சருங்கோ. கீழ்வீட்டு மனுசி."

எனக்கும் அந்தக் கணம்தான் தெரிந்தது. அந்த மூச்சு. அதை எங்கள் சமையலறைத் தரைக்குக் கீழே எத்தனையோ நாள் கேட்டிருக்கிறேன்.

நண்பர் சிரித்தார். "கீழ்வீடா? யாரு? இவங்க மான்ட்ரியல் பாடகிங்க. சோல் மியூசிக். போன வாரத்துக்கு முந்தின வாரம் தவறிட்டாங்க. ரேடியோல எல்லாம் போட்டாங்களே, கேக்கலியா?"

"எங்கடை கட்டிடம். முதலாம் மாடி. பன்னிரண்டு நாளைக்கு முதல் செத்தவ" என்றேன்.

"சும்மா விளையாடாதீங்க சார்."

"வாசல் கதவில பிரெஞ்சில நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக் குசினியில வேலை செய்தவ."

அவர் காரை ஓரம் கட்டினார். ஓட்ட முடியவில்லை என்றார். ஒரு டயர்க் கடைக்கு முன்னால் நின்றபடி, அந்தப் பாட்டை முடியும்வரை மூவரும் கேட்டோம். பாட்டு முடிந்ததும் அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். "நீங்க குடுத்து வச்சவங்க சார். மேல உக்காந்துக்கிட்டு தினமும் லைவா கேட்டிருக்கீங்க."

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் எங்களை அந்த டயர்க் கடையிலேயே இறக்கிவிட்டிருக்கக்கூடும்.

மிச்சப் பயணம் முழுக்க அவர் அந்தப் பெண்மணியைப் பற்றித்தான் பேசினார். இங்கேயே பிறந்தவர். தகப்பன் இரயிலில் பயணிகளுக்குப் படுக்கை விரிக்கும் வேலை செய்தவர். அந்தக் காலத்தில் கறுப்பின ஆண்களுக்கு இந்த நகரம் கொடுத்த வேலை அநேகமாக அதுதான். பிள்ளைப் பருவத்தில் தேவாலயத்தில் பாடினார். பிறகு அதே குரலை இரவு விடுதிகளுக்குக் கொண்டுபோனார். கடவுளைக் கூப்பிடுகிற மாதிரியே மனிதரைக் கூப்பிட்டுப் பாடுவதுதான் சோல் என்று நண்பர் விளக்கினார். ஒரேயொரு இசைத்தட்டு. அது வந்த காலத்தில் யாரும் வாங்கவில்லை. விடுதிகள் மூடப்பட்டன, அவர் ஆஸ்பத்திரிக் குசினியில் தட்டுக் கழுவப் போனார். நெடுங்காலத்துக்குப் பிறகு எங்கோ ஐரோப்பாவில் பழைய தட்டுச் சேகரிப்பவர்கள் அதைக் கண்டெடுத்தார்கள். பிறகு ராப் பாடுகிற இளைஞர்கள் அவருடைய பாட்டிலிருந்து அந்த மூச்சை மட்டும் வெட்டி எடுத்துத் தங்கள் பாட்டுகளில் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள்.

"உங்க பையனுக்குக் கூட அந்த மூச்சு தெரிஞ்சிருக்கும். யாருதுன்னுதான் தெரிஞ்சிருக்காது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவன் திருமணம் முடித்து லவாலில் இருக்கிறான். பாட்டின் பெயரைச் சொன்னேன். "ஓ, தட் ப்ரெத்!" என்றான் உடனே. அந்த மூச்சு ஒரு காலத்தில் அவனுடைய தொலைபேசியின் அழைப்பொலியாகவே இருந்ததாம். அது எங்கள் கீழ்வீட்டு ஆன்ரியுடையது என்றேன். பிறகு கேட்டான்: "அப்பா, நீங்கள் கொம்ப்ளெயின் பண்ணினது அவவையோ?"

ஆம். அவரைத்தான்.

*

அந்தக் கட்டிடத்தில் நாங்கள் இரண்டாம் மாடி, அவர் முதலாம் மாடி. பல வருடப் பழக்கம், ஆனால் படிக்கட்டோடு நின்ற பழக்கம். பொன்ஜூர், குளிர், இன்றைக்குக் குப்பை நாளா, அவ்வளவுதான். வெளிப்படியில் பனி உறைந்தால் எங்களுக்கு முன்பே எழுந்து உப்புப் போட்டிருப்பார். தீபாவளிக்கு மனைவி வடை கொண்டுபோய்க் கொடுப்பாள். மறுநாள் அந்தத் தட்டு கழுவித் துடைத்து, உள்ளே ஒரு துண்டுக் கேக்கோடு எங்கள் வாசலில் இருக்கும். ஒரு வேனிலில் அவருடைய கழுத்தில் புதிதாக ஒரு தழும்பைக் கண்டோம். ஒப்பரேஷன் என்று கையால் காட்டினார். பேச்சு அதற்குப் பிறகு கரகரத்தது.

அந்த வருடம் புரட்டாதிக் கடைசியில் எங்கள் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கீழே சத்தம் தொடங்கியதும் அந்த மாதம்தான். இங்கே சனி முதல் திங்கள் வரையான நன்றி நவிலல் விடுமுறை முடிந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை. எங்கள் சமையலறைத் தொட்டிக்குப் பக்கத்தில் வெப்பக் குழாய் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போகிறது. அந்த ஓட்டை வழியாக ஒரு பெண்ணின் குரல் உடைந்து உடைந்து வந்தது. ஒரு வரி. மறுபடி அதே வரி. இடையில் இருமல். பிறகு அதே வரி.

"ஆர் செத்தது?" என்று மனைவி கேட்டாள்.

"பாட்டாக்கும்."

"பாட்டோ? ஒரு வரியை எத்தினை தரமப்பா பாடுவினம்? இது ஒப்பாரி. எனக்குத் தெரியாதே. நெஞ்சிலை அடிக்கிறதொண்டுதான் குறை."

இரண்டாம் நாளும் வந்தது. நான்காம் நாளும் வந்தது. கல்யாணம் வைத்திருக்கிற வீட்டில், விளக்கேற்றுகிற நேரத்தில், தரைக்குக் கீழே ஒருத்தி அழுகிறாள் என்பதை என் மனைவியால் தாங்க முடியவில்லை. நான் படித்தவன், சகுனம் பார்க்காதவன் என்று சொல்லிக்கொள்ளுவேன். ஆனாலும் மூன்று பஞ்சாங்கம் வைத்துப் பார்த்துப் பொன்னுருக்குக்கு நாள் குறித்தவனும் நான்தான்.

மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன் உருக்குவது எங்கள் வழக்கம். பத்தர் வந்து, சபைக்கு முன்னால் தங்கக் காசை உருக்கிக் காட்டுவார். அதிலிருந்துதான் தாலி செய்வார்கள். அப்படிக் குறித்த புதன்கிழமை காலை எங்கள் சின்ன வரவேற்பறையில் பெண்வீட்டார் உட்பட முப்பது பேர். புகை அலாரத்துக்கு பிளாஸ்டிக் பை கட்டியிருந்தோம். பத்தர் வாயுச் சுடரைப் பற்றவைத்தார். காசு மெல்ல வளைந்து முட்டையாகத் திரளத் தொடங்கிய நேரம், கீழே அந்தக் குரல் எழுந்தது. அன்றைக்கு இருமல் இல்லை. முழுக் குரல். நீளமாக, இறங்கி இறங்கி.

பெண்ணின் தாய் நெற்றியைச் சுருக்கினார். "இதென்ன, செத்த வீடோ?"

பத்தர் நிமிராமல் சொன்னார்: "அக்கா, பொன்னுக்குக் காது இல்லை. நீங்கள் அலாரத்தைப் பாருங்கோ."

சிலர் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. எல்லோரும் போனபிறகு பலகாரத் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "கலியாணம் முடியும்வரைக்கும் எண்டாலும் இதை நிப்பாட்டுங்கோ. பிள்ளைக்கு ஒண்டெண்டால் நான் உங்களைத்தான் கேப்பன்."

"நான் கீழ போய்க் கதைக்கட்டே?"

"போய் என்னெண்டு கேப்பியள்? ஏன் அழுகிறியள் எண்டோ? முகத்துக்கு நேர கேக்கிறது வடிவில்லை. ஒனரிட்டைச் சொல்லுங்கோ."

முகத்துக்கு நேரே கேட்பது அழகில்லை என்று அன்றைக்கு எனக்கும் பட்டது. உண்மையில் அது பயம்தான், மரியாதை இல்லை.

வீட்டுச் சொந்தக்காரரின் அலுவல்களைப் பார்ப்பவர் தொலைபேசியில் சொன்னார்: நாள், நேரம், என்ன சத்தம். மூன்றும் எழுதித் தாருங்கள், இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. எழுதச் சொன்னால் எனக்கு வேறென்ன வேண்டும்! இந்த நாட்டில் வந்திறங்கிய நாளிலிருந்து ஒரு நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன். அன்றன்றைக்குக் குறித்து வைத்திருந்ததையெல்லாம் ஒரு கொப்பியில் தனியாக எடுத்தெழுதினேன். அதற்குப் பிறகு கேட்டதையெல்லாம் உடனுக்குடன் சேர்த்தேன்.

"செவ்வாய். பிற்பகல் 2.10 முதல் 3.25 வரை. ஒரே வரி பத்தொன்பது தரம். இடையில் இருமல்." "வெள்ளி. 4.40 முதல் 5.30 வரை. முதல் வரி, அதன் பின் புதிதாக ஒரு வரி. பெருமூச்சு." ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு ஆதாரம் வேண்டுமென்று, காதில் விழுந்த ஆங்கிலச் சொற்களை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி வைத்தேன். திதியும் இராகுகாலமும் கூடப் போட்டேன். எல்லாமாக இருபத்தேழு பதிவுகள். பிரெஞ்சில் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தபோது, அலுவல்காரர் திதிகளை மட்டும் வெட்டிவிட்டார்.

கார்த்திகை பிறப்பதற்கு முன் ஒரு புதன்கிழமை கீழ்வீட்டு அம்மாவுக்குக் கடிதம் போனது. வியாழக்கிழமை கீழே சத்தம் இல்லை. வெள்ளியும் இல்லை. நான் கொப்பியில் "நின்றது" என்று எழுதி அடியில் கோடு போட்டேன். அந்தக் கோட்டை அடிமட்டம் வைத்துப் போட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு அம்மா. கையில் அந்தக் கடிதம்.

"யாரோ என்னைப் பற்றி முறையிட்டிருக்கிறார்கள்" என்றார் கரகரத்த ஆங்கிலத்தில். "உங்களுக்குத் தொந்தரவாக இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்கலாமென்று வந்தேன். நீங்கள்தானா?"

"இல்லை. நாங்கள் இல்லை" என்றேன்.

அவருடைய முகம் தெளிந்தது. "நினைத்தேன். நீங்களென்றால் வந்து சொல்லியிருப்பீர்கள்." பிறகு மூன்றாம் மாடியைக் கண்ணால் காட்டினார். அங்கே ஒரு மாணவன் தனியாக இருந்தான். நான் தோளைக் குலுக்கினேன். குலுக்கினது ஒரு விநாடி இருக்கும். அந்த விநாடியில் பழி மூன்றாம் மாடிக்கு ஏறிவிட்டது.

கல்யாணம் நன்றாக நடந்தது. அந்த மாணவன் அடுத்த ஜூலை முதலாம் திகதி, ஊரே வீடு மாறுகிற நாளில், பெட்டிகளோடு போனான். கீழ்வீட்டு அம்மா கடைசிவரை எங்களுக்கு பொன்ஜூர் சொன்னார், உப்பும் போட்டார். பாடவில்லை.

*

வைகாசி நடுவில் அவருடைய மகள் வீட்டைக் காலி பண்ண வந்தார். ஹலிஃபாக்ஸில் வேலை. ஐம்பதை நெருங்கிய வயது, தாயின் தோள்கள். இரண்டாம் நாள் மாலை மேலே ஏறி வந்து ஒரு பெரிய அலுமினியப் பானையை மனைவியிடம் நீட்டினார். உங்கள் வீட்டில் நிறையப் பேருக்குச் சமைப்பீர்கள் என்று அம்மா சொல்லுவார், வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மனைவி அவரை உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தாள். அவர் பேசியது ஆங்கிலம். நான் தமிழில் எழுதுகிறேன்.

"ஒன்று கேட்கலாமா?" என்றார். "கடைசிக் காலத்தில் அம்மா எப்போதாவது பாடியதைக் கேட்டீர்களா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தேநீரைப் பார்த்தேன்.

"ஏன் கேட்கிறீர்கள்?" என்றேன்.

அவருடைய தாயின் இசைத்தட்டைப் புதிதாக அச்சடிக்கப் போகிறார்களாம். அதோடு வைக்கும் சிறு புத்தகத்தில் மகள் ஒரு பக்கம் எழுதவேண்டும். தாயின் பிறப்பு, தேவாலயம், விடுதிகள், குசினி எல்லாம் எழுதிவிட்டார். கடைசிப் பத்தியை மட்டும் எழுத முடியவில்லை.

"ஒப்பரேஷன் நடந்த வருடமே, நன்றி நவிலல் சனிக்கிழமை. தேவாலய மண்டபத்தில் அம்மாவைப் பாடக் கேட்டார்கள். எழுந்து பாடினார். குரல் இரண்டாவது வரியிலேயே உடைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், இரக்கத்தில். திரும்பி வரும்போது காரில் நான் சொன்னேன்: 'போதும் மம்மா. உங்களை இசைத்தட்டில் கேட்டபடியே நினைத்துக்கொள்ளட்டும்.' அவர் சரி என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு நான் கூப்பிடும்போதெல்லாம் கேட்பேன், பாடுகிறீர்களா என்று. இல்லை என்பார். ஒரு மனுசி வாழ்நாள் முழுக்கப் பாடியிருக்கிறார், கடைசியில் அவருடைய வாயை நான் மூடினேன். அதை எப்படி எழுதுவது? எழுதாமல் எப்படி விடுவது?"

அவர் அழவில்லை. தேநீரை முழுதாகக் குடித்து, கோப்பையைத் தொட்டியில் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் மனைவி சொன்னாள்: "வாயைத் திறவாதேங்கோ."

நான் அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்தேன்.

"எதுக்கு இப்ப அது? செத்தவ செத்திட்டா. அந்தப் பிள்ளை வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிடும்."

"இஞ்சேரும், நாளைப் பாரும். அவ சொன்ன சனிக்கிழமை இது. எங்கடை முதல் பதிவு செவ்வாய். மூண்டு நாள்."

"அதுக்கு?"

"மகள் போதும் எண்டு சொன்னாப்பிறகுதான் மனுசி பாடத் தொடங்கியிருக்கிறா. அஞ்சு கிழமை பாடியிருக்கிறா. நிப்பாட்டினது மகள் இல்லை."

மனைவி கதிரையில் இருந்தாள். அவள் கணக்கு விளங்காதவள் இல்லை. கொப்பியை வாங்கி அந்த அடிக்கோட்டை நெடுநேரம் பார்த்தாள்.

"அப்ப ஒப்பாரி எண்டு நான் சொன்னது..." என்று தொடங்கி நிறுத்தினாள். பிறகு, "சொன்னால் அந்தப் பிள்ளை எங்களைக் காறித் துப்பும்" என்றாள்.

"துப்பட்டும்."

"நீங்கள் சொல்லுவியள் துப்பட்டும் எண்டு. படியிலை அவவின்ரை உப்பிலை நடந்தது நானும்தான்."

அன்றிரவு நாங்கள் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை ஒன்பதரைக்கு நான் கொப்பியோடு கீழே இறங்கினேன். மனைவி வரவில்லை.

கீழ்வீட்டில் அநேகமாக எல்லாம் பெட்டிக்குள் போயிருந்தன. மகள் சமையலறையில் நின்றார். எங்கள் சமையலறையின் அதே அளவு, அதே தொட்டி, அதே குழாய். நான் நின்றபடியே சொன்னேன். பாடியது, நான் எழுதியது, கடிதம், கதவு தட்டியது, இல்லை என்றது, மாணவன். வரிசையாக, நாள் நேரத்தோடு. என்னுடைய குரல் யாரோ ஒரு எழுதுவினைஞன் அறிக்கை வாசிப்பது போல எனக்கே கேட்டது. வேறு விதமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

அவர் கொப்பியை வாங்கிப் புரட்டினார். தமிழ் எழுத்து. எண்களை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டு போனார்.

"இது நேரமா?"

"ஓம்... ஆம். தொடங்கினதும் முடிந்ததும்."

"இது?"

"இராகுகாலம். நல்ல காரியம் செய்யக்கூடாத நேரம்."

"என் அம்மா பாடியது அந்த நேரத்தில் விழுகிறதா என்றும் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

அவர் சிரித்தார். சிரிப்பென்றால், வாய் திறந்தது, சத்தம் வந்தது, முகம் கூடவே வரவில்லை. பிறகு கேட்டார்: "அவருக்கு நீங்கள்தான் என்று கடைசிவரை தெரியாதா?"

"தெரியாது."

"மூன்றாம் மாடிப் பையனைத் திட்டித் திட்டி எனக்கு ஒவ்வொரு ஞாயிறும் சொல்லுவார், ஏனென்று மட்டும் சொன்னதில்லை. உங்களைப் பற்றிச் சொல்லும்போது, என் மேல்வீட்டார் கண்ணியமானவர்கள் என்பார்." கொப்பியை மூடினார். "இதை விட்டுவிட்டுப் போங்கள். இப்போது போங்கள்."

*

இரண்டு நாள் அவர் வரவில்லை. கீழே பெட்டிகள் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாம் நாள் பிற்பகல் கதவு தட்டப்பட்டது. அவர் கையில் கொப்பி இருந்தது. முகத்தில் கோபமும் இருந்தது. அது குறையவில்லை, இன்றுவரை குறைந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"கீழே வாருங்கள். எனக்கு இதை வாசிக்கத் தெரியாது. நீங்கள் வாசியுங்கள், முதலாம் பக்கத்திலிருந்து" என்றார். மனைவியைப் பார்த்து, "நீங்களும்" என்றார்.

அந்த வெற்றுச் சமையலறையில் கவிழ்த்து வைத்த பால் கூடைகளில் மூவரும் இருந்தோம். அவர் தொலைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டுத் தரையில் வைத்தார். நான் வாசிக்கத் தொடங்கினேன். நாள். நேரம். எத்தனை தரம். பிறகு, தமிழ் எழுத்தில் நான் பிடித்து வைத்திருந்த அந்த ஆங்கிலச் சொற்கள்.

மூன்றாம் பதிவில் அவர் கையைத் தூக்கினார். "அந்த வரியை மறுபடி."

வாசித்தேன்.

"அது சாப்பாட்டுத் தட்டு. ஆஸ்பத்திரித் தட்டு. தொடாமல் திரும்பி வந்த தட்டு." வாயைக் கையால் மூடிக்கொண்டார். "இது இசைத்தட்டில் இருக்கிற பாட்டு இல்லை. இது நான் கேட்டதே இல்லை."

தொடர்ந்து வாசித்தேன். ஒவ்வொரு சில நாளுக்கும் ஒரு வரி கூடியிருந்தது. அவருடைய தாய் பாட்டுகளைத் தாளில் எழுதுவதில்லையாம். ஒரு வரியை வாய்க்குள் உட்காரும்வரை பாடி, அது நின்றபிறகுதான் அடுத்த வரிக்குப் போவாராம். அந்த ஒற்றை இசைத்தட்டில் உள்ள பாட்டுகள் எல்லாமே அப்படி வந்தவையாம். நான் தொல்லை என்று எண்ணிக் குறித்து வைத்த பத்தொன்பது தரமும் அவருடைய வேலை. குசினி மனுசி ஒருத்தி, நோயாளிகளின் அறைகளிலிருந்து திரும்பி வரும் தட்டுகளைக் கழுவிக்கொண்டே, எந்தத் தட்டு நாளைக்குப் போகாது என்று அறிந்துகொள்கிற பாட்டு அது. பதின்மூன்றாம் பதிவில் ஒரு தட்டில் கடித்த அப்பிள். பதினெட்டாம் பதிவில் முள்ளுக்கரண்டி உறையைவிட்டு வெளியே வராத தட்டு.

"ஒப்பாரி" என்றாள் மனைவி தன்னை அறியாமல்.

மகள் திரும்பினார். "என்ன சொன்னீர்கள்?"

மனைவிக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். துண்டு துண்டாகச் சொன்னாள். எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் பெண்கள் சுற்றியிருந்து பாடுவார்கள். அவர் என்ன சாப்பிட்டார், எதை விட்டுவிட்டுப் போனார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாடுவார்கள். "குரல் உடைஞ்சுதான் வரவேணும்" என்றாள் தமிழில், என்னைப் பார்த்து. "உடையாட்டி அது பாட்டில்லை. சொல்லுங்கோ அவவுக்கு."

சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு, "மெட்டு?" என்றார். "சொல் இருக்கிறது. மெட்டு எப்படிப் போனது?"

அது கொப்பியில் இல்லை. நான் முயன்று பார்த்தேன். முதல் வரியை வாயில் எடுத்தேன். தேவாரம் மாதிரி வந்தது. மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன்.

"அப்பிடியில்லை" என்றாள் மனைவி.

அவள் கண்ணை மூடினாள். முப்பத்தெட்டு வருடம் என்னோடு வாழ்ந்தவள். கோயிலில் கூடக் கூட்டத்தோடு சேர்ந்து முணுமுணுப்பவள். அவள் பாடினாள். முதல் வரி, இரண்டாம் வரி, அந்த இறக்கம், தரையைத் தொடும் முன் அந்த மூச்சு. சொற்கள் முழுதாக விளங்காமலே, எழுத்துக் குறையாமல். நான் விடிகாலை வேலைக்குப் போய் மத்தியானம் வந்து கேட்ட நேரத்தை மட்டும் எழுதியிருக்கிறேன். அவள் நாள் முழுக்க அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் நின்று சமைத்தவள்.

மகள் தரையில் இறங்கி முழங்காலில் நின்றார், தொலைபேசியை என் மனைவியின் பக்கமாக மெல்லத் தள்ளினார். கடித்த அப்பிள் வந்தது. முள்ளுக்கரண்டி வந்தது. அதற்குப் பிறகும் நான்கு வரிகள், நான் வேலையிலிருந்த நேரங்களில் வந்து கொப்பியில் ஏறாதவை, அவளிடமிருந்து வந்தன. கடைசித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பெண் ஓர் அறையின் வாசலுக்கு வருகிறாள். கதவைத் திறக்கிறாள்.

மனைவி நிறுத்தினாள்.

"பிறகு?" என்றார் மகள். "உள்ளே யார்?"

மனைவி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "அவ்வளவுதான். புதன்கிழமை இவ்வளவும் பாடினவ. அடுத்தது வரேல்லை."

நான் கொப்பியில் அடுத்த பக்கத்தைப் பார்க்கவில்லை. அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். மகளுக்கும் விளங்கிவிட்டது, நான் மொழிபெயர்க்க வாயெடுத்தபோது வேண்டாமென்று தலையசைத்தார். அவர் தொலைபேசியை நிறுத்தவுமில்லை. தரையில் அதன் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் கதவுக்கு அப்பால் யார் இருந்தார்கள் என்று அறிந்த ஒரேயொருவரை நாங்கள் பேசாமல் இருக்கச் சொல்லியிருந்தோம், பிரெஞ்சில், தபாலில்.

அவருடைய பக்கம் அச்சாகி வந்தபோது ஒரு பிரதி அனுப்பியிருந்தார். கடைசிப் பத்தியில், தன் தாய் இறப்பதற்கு முன் ஒரு புதிய பாட்டைத் தொடங்கியிருந்தார் என்றும், அயல்வீட்டாரின் முறைப்பாட்டினால் அது முடியவில்லை என்றும், அதில் மிஞ்சியிருப்பது அந்த அயல்வீட்டாருக்கு நினைவிருந்த அளவு மட்டுமே என்றும் எழுதியிருக்கிறார். பெயர் போடவில்லை. ஆண்டும் போடவில்லை, நான் எழுதினாலும் ஆண்டு போடவேண்டாமென்று கேட்டிருந்தார். அதனால்தான் இந்தக் குறிப்பில் கிழமைகள் மட்டும் இருக்கின்றன.

மனைவி அந்தப் பத்தியை வாசித்துச் சொல்லச் சொன்னாள். வாசித்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.